கூரை முதல் தளம் வரை: நம் கரிசல் காட்டு வீடுகளின் வரலாறும் செலவுக் கணக்கும்



யூபிலி மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறு, கோபுரம் எழுப்பிய வரலாறு, மணி வாங்கிய வரலாறு ஆகியவை இடம்பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரில் பெரியவர்கள் பலர் எழுதியுள்ளனர். நாம் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. அது உங்கள் தலைக்கு மேல் உள்ள கூரையின் வரலாறு. வீடு மந்திரிக்கவும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகவும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஊர்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் வாசலில் குனிகிறோம். உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கிறோம். குடும்பத்தின் நிலையை அடுப்பைக் காட்டிலும் கூரை தெளிவாகச் சொல்லிவிடும்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது பழமொழி. ஆனால் புது வீடு கட்டுவதைவிட, குடியிருக்கிற வீட்டின் கூரையை மாற்றுவதே கடினம் என்பது நம் மக்களின் அனுபவம். சமையலும் தூக்கமும் அந்த வீட்டிலேயே நடக்க வேண்டும். பழைய சுவர் எதைத் தாங்கும் என்பது வெளியே தெரியாது. பிரித்த பிறகுதான் விட்டத்தில் கறையான் இருப்பதும் தெரியவரும். ஆகவே வரலாற்றோடு கணக்கையும் சேர்த்தே எழுதுகிறோம்.

மண்ணும் வானமும்

நமது வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் வெயில். சித்திரை, வைகாசியில் சூறைக்காற்றோடு கோடை மழை வரும். அபூர்வமாக அதோடு ஆலங்கட்டியும் விழும். எனவே இங்கே கூரைக்கு வேலை மூன்று: வெயிலைத் தடுப்பது, இரண்டு மாத அடைமழையை வடிப்பது, கோடைக் காற்றுக்குப் பறக்காமல் நிற்பது.

கூரையைத் தாங்கும் சுவரோ கரிசல் மண்ணின்மேல் நிற்கிறது. கரிசல் நனைந்தால் உப்பும்; காய்ந்தால் வெடிக்கும். கோடையில் புஞ்சையில் கைவிரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்க்கிறோமே, அதே வெடிப்பு வீட்டின் அடியிலும் நடக்கிறது. அடித்தளம் கரிசலைக் கடந்து, அடியிலுள்ள சுக்கான் பாறையையோ கெட்டி மண்ணையோ தொடாவிட்டால், சுவர் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். ஓலைக் கூரை இந்த அசைவைப் பொறுத்துக்கொள்ளும். ஓட்டுக் கூரையும் ஓரளவு பொறுக்கும். காங்கிரீட் தளம் பொறுக்காது, விரிசல் விடும். நம் முன்னோர் மெல்லிய கூரையோடு வாழ்ந்ததற்கு வறுமை மட்டுமே காரணமன்று. மண்ணும் ஒரு காரணம்.

கீழடி ஓடும் பனையோலையும்

ஓட்டு வீடு நமக்குப் புதிது என்று பலர் எண்ணுகிறார்கள். நம் அண்டை மாவட்டமான சிவகங்கையில், வைகைக் கரையில் உள்ள கீழடியில், செங்கல் கட்டடங்களோடு கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்துள்ளன. தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை அவற்றை விவரிக்கிறது. ஓட்டின் மேல்முனையில் கயிறு கோத்துக் கட்ட இரு துளைகள். மழைநீர் வழிந்தோட, ஈரக் களிமண்ணில் விரலால் இழுத்த பள்ளங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குயவர் மழையை நினைத்து விரலை இழுத்திருக்கிறார்!

ஆயினும் அது நகரத்தார் வாழ்வு. நாட்டுப்புறத்தில் பனையே கூரை கொடுத்தது. வைரம் பாய்ந்த பனையைப் பிளந்தால் விட்டமும் கைமரமும், ஓலை மேலே, நார் கட்டுவதற்கு. பனையில்லாத இடத்தில் சோளத்தட்டை, கம்பந்தட்டை, வரகு வைக்கோல். மதுரை மறைபரப்புத் தளத்தின் ஆதிக் கோயில்களும் மண்சுவரும் ஓலைக் கூரையுமாகவே இருந்தன. 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் இத்தகைய கூரைகளின் கீழ்தான் பூசை செய்து, உறங்கி எழுந்தார்.

ஓலைக் கூரையின் குணம் இரண்டு. முதலில் கைச்செலவு குறைவு. பிறகோ செலவுக்கு முடிவே இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மேய்ந்தாக வேண்டும். முன்பு ஊரே கூடி மேய்ந்தது. ஒரு வீட்டுக்குப் போன கை மறுவாரம் நம் வீட்டுக்கு வந்தது. பனை குறைந்து, மேயத் தெரிந்த கைகளும் குறைந்தபின், மலிவான கூரை என்ற பெயர் மட்டுமே அதற்கு மிஞ்சியது. கூரை வீட்டில் இருக்கும் குடும்பத்தார் கடந்த பத்தாண்டில் ஓலைக்கும் மூங்கிலுக்கும் கூலிக்கும் கொடுத்ததை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் திகைத்துப் போவார்கள்.

கூரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அது மரியாதைக் கணக்கு. திருவிதாங்கூரில் நாடார் மக்கள் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்ற தடைகள் 19ஆம் நூற்றாண்டில் இருந்தன என்பது வரலாறு. யார் தலைக்கு மேல் என்ன இருக்கலாம் என்பதை அயலார் தீர்மானித்த காலம் அது. இன்று ஓர் ஏழைத் தகப்பன் தளம் போட்ட வீட்டுக்கு ஏங்குவதை ஆடம்பரம் என்று ஏளனம் செய்வோர் இந்தப் பழைய கதையை மறந்துவிடுகிறார்கள்.

சீமை ஓடு வந்த கதை

குயவர் சக்கரத்தில் வனைந்து பிளந்த நாட்டு ஓடு சிறியது. இரண்டு மூன்று அடுக்காகக் கவிழ்த்து மூட வேண்டும், பாரம் அதிகம், குரங்கும் பூனையும் ஓடினால் நழுவும், ஆண்டுதோறும் ஓடு மாற்ற ஆள் ஏற வேண்டும்.

ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும் ஓட்டை 1841இல் பிரான்சு நாட்டின் அல்சாசுப் பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் உருவாக்கினார்கள். 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரின் ஜெப்பு என்னும் இடத்தில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். நேத்திராவதி ஆற்றுக் களிமண்ணும், மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து அந்த ஆலையைப் பிறப்பித்தன. அவர்கள் நம் சபையினர் அல்லர். எனினும் அவர்கள் செய்த ஓடு நம் கோயில்களையும் பள்ளிகளையும் மடங்களையும் மூடியது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பின்னர் மலையாள நாட்டிலும் ஆலைகள் பெருகின. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் திறந்தபின் பாரப் பொருள்கள் நம் பக்கம் வருவது எளிதாயிற்று. மங்களூர் ஓடு நம் மக்கள் வாயில் சீமை ஓடு ஆயிற்று.

ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு. ஓர் ஓடு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. சரிவாக வைத்தால் மழை நிற்காது. உடைந்த ஓட்டை மட்டும் எடுத்துப் புது ஓடு செருகலாம். வீட்டுச் செலவுக் கணக்கில் இதைவிடப் பெரிய வசதி ஏது? கூரை முழுவதற்கும் ஒரே நாளில் பணம் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கவனிக்க: ஓர் ஆலை அச்சும் மற்றோர் ஆலை அச்சும் ஒத்துப்போகா. ஆதலால் ஓடு வாங்கும்போதே நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்கிப் பத்திரப்படுத்துவது அறிவுடைமை.

காரையும் சிமெண்டும்

வசதியுள்ளோர் கட்டியது காரை வீடு. நெருக்கமாகப் போட்ட மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை இட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் தெளித்துப் பல நாள் தட்டித் தட்டி இறுக்கிய தட்டட்டி அது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக் கல்லுக்குக் குறைவில்லை. ஆனால் மரத்துக்கும் ஆள் கூலிக்கும் செல்வம் வேண்டும்.

பிறகு சிமெண்டு வந்தது. தென்பாண்டி நாட்டில் தாழையூத்து ஆலை 1949இல் உற்பத்தி தொடங்கிற்று. விருதுநகருக்கு அருகே துலுக்கபட்டியில் 1960களின் தொடக்கத்தில் ஓர் ஆலையும், ஆலங்குளத்தில் 1970இல் அரசு ஆலையும் எழுந்தன. நம் காலடிச் சுண்ணாம்புக் கல்லே நம் தலைக்கு மேல் தளமாகும் காலம் பிறந்தது. இருந்தும் மூட்டை கிடைப்பது எளிதாயிருக்கவில்லை. விலையும் விநியோகமும் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. பர்மிட்டுக்கு மனு எழுதி, அலுவலக வாசலில் நின்று, கிடைத்த சில மூட்டைகளைத் தலைமாட்டில் அடுக்கிக் காத்து, மீதி கிடைப்பதற்குள் முதல் மூட்டை இறுகிக் கல்லாகிப் போன வேதனையை இன்றைய பாட்டன்மார் அறிவார்கள். 1982இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது; 1989இல் முழுதும் நீங்கியது. கிராமங்களில் தளம் போட்ட வீடு பெருகியது அதன் பின்னரே.

இடையில் பலர் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை நாடினார்கள். தீப்பிடிக்காது, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் கோடை நண்பகலில் அதன்கீழ் பச்சைக் குழந்தையைப் படுக்கவைக்க முடியாது. அதன் நார்த்தூசி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிபடக் கூறியுள்ளது. பழைய தகடு உள்ள வீட்டார் அதைச் சுத்தியலால் உடைக்காமல், நீர் தெளித்து, முழுத் தகடாக இறக்கச் சொல்ல வேண்டும்.

ஆலங்கட்டியும் தீயும்

மேகத்துள் மேலேறும் காற்று நீர்த்துளியைத் தூக்கிக்கொண்டு போய் உறையவைக்கிறது. துளி பனிக்கட்டியாகித் திரண்டு பருத்து, காற்றுத் தாங்காத அளவு வந்ததும் கீழே விழுகிறது. நம் வெப்ப நாட்டில் உறைநிலை தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், பெரும்பாலான கட்டிகள் விழும் வழியிலேயே உருகி மழையாகிவிடுகின்றன. ஆதலால்தான் தமிழகத்தில் ஆலங்கட்டி அபூர்வம். வட இந்தியாவிலோ அது கொலைக்கருவி. 1888 ஏப்ரல் 30இல் மொராதாபாத் பகுதியில் விழுந்த ஆலங்கட்டியால் 246 பேர் மாண்டனர். 2014 பிப்ரவரி, மார்ச்சில் மராட்டிய மாநில உழவர்கள் பெரும் பயிர்ச்சேதம் கண்டனர்.

நம் பக்கம் அபூர்வமாக விழும் கட்டிகூட ஓட்டின் விளிம்பை உடைக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் கீறல் இடும். உடைந்தது அன்றைக்குத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் ஒழுகும்போதே தெரியும். கோடை மழை ஓய்ந்த மறுநாள் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான்.

விந்தை என்னவென்றால், ஆலங்கட்டிக்குச் சிறிதும் அஞ்சாதது ஓலைக் கூரை. அது மெத்தைபோல வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு எமன் தீ. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்ததை எந்தத் தாய் மறப்பாள்? அதன்பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து ஓலைக் கூரை அகற்றப்பட்டது. பள்ளியில் கூடாதென்று அகற்றிய கூரையின் கீழ் அதே குழந்தை இரவில் உறங்கலாமா என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது.

காற்றின் கணக்கு வேறு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பரில் வந்த கஜா புயலும், சுவரோடு பிணைக்காத கூரை நிற்காது என்பதைக் காட்டின. ஓடாயினும் தகடாயினும், விட்டத்தைச் சுவருடன் இரும்புப் பட்டையால் பிணைக்கும் சிறு செலவை மிச்சம் பிடிக்கலாகாது.

அரசின் உதவி

குடிசைகளை மாற்றும் பொறுப்பை அரசும் ஏற்றது. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் நோக்கத்தோடு தொடங்கி, வீட்டுக்கு முதலில் 60,000 ரூபாயும் பின்னர் 75,000 ரூபாயும் அறிவித்தது. 2011இல் வந்த பசுமை வீடு திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ஒதுக்கியது. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், அதோடு காங்கிரீட் கூரைக்கென்றே தமிழக அரசு 50,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தது, பிறகு அக்கூரைத் தொகையை 1.20 லட்சமாக உயர்த்தியது. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறது. 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் அதன் இலக்கு.

இந்த எண்களில் ஒரு பாடம் உண்டு. ஒரு கட்டத்தில் வீட்டுக்குத் தந்த தொகையும் கூரைக்குத் தந்த தொகையும் சமம்! கூரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரிலேயே கைப்பணத்தைக் கரைத்துவிட்டு, லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகளை நம் ஊர்களில் காண்கிறோம். அவற்றுக்குள் கருவேலஞ்செடி முளைத்துக் கிடக்கிறது.

முன்பு கட்டிய தொகுப்பு வீடுகளின் நிலையும் கவலைக்குரியது. தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து, துருவேறிய கம்பி பல்லிளிக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் காங்கிரீட்டைப் பிளக்கும். நம் கிணறுகள் பலவற்றில் உவர்நீர். அந்த நீரில் குழைத்த காங்கிரீட்டுக்குள் துரு விரைவில் புகும். கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலக் காங்கிரீட்டு மூடலும், குழைக்க நல்ல தண்ணீரும் இருந்திருந்தால் அவற்றில் பல இன்னும் உறுதியாக நின்றிருக்கும். பூச்சு விழும் தளத்தின் கீழ் தொட்டில் கட்டாதீர்கள் என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

செலவுக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். விலை மாதந்தோறும் மாறும், அளவு மாறாது. ஆகவே அளவையே சொல்கிறோம். விலையை உங்கள் ஊர்க் கடையில் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலாவது, சுவர். 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி வீட்டுக்கு ஓட்டுக் கூரை மரத்தோடு சேர்த்து ஏறத்தாழ 2 டன். அதே வீட்டுக்கு 5 அங்குலக் காங்கிரீட் தளம் ஏறத்தாழ 9 டன். மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் பதித்தால் 13 டன்னைத் தொடும். ஓடு தாங்கிய மண்சுவர் தளம் தாங்கும் என்று எண்ணுவது உயிரோடு விளையாடுவதாகும். சுவர் செங்கல்லாக இல்லையேல், அடித்தளம் கரிசலைக் கடந்து போகவில்லையேல், நல்ல மரத்தில் நல்ல ஓடு மாற்றுவதே சரி. அதில் வெட்கம் இல்லை.

இரண்டாவது, பொருள். அந்த 300 சதுர அடித் தளம் 125 கன அடி காங்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் சிமெண்டு 28 மூட்டை, மணல் சுமார் 55 கன அடி, ஜல்லி சுமார் 110 கன அடி, கம்பி சுமார் 300 கிலோ. கம்பியின் சரியான அளவைப் பொறியாளர் ஒருவரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. பழைய கூரை இறக்கும் கூலி, சென்ட்ரிங் வாடகை, நல்ல தண்ணீர் லாரி, மழைநீர்க் குழாய், மின் குழாய், அந்த இரண்டு மாதம் குடியிருக்க வாடகை, தளம் போடும் நாள் வேலையாட்களின் சாப்பாடு. திட்டம் போடுவோர் மறப்பது இவற்றையே. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்தால், கறையான் அரித்த விட்டம் வெளிப்படும் நாளில் கைபிசைய வேண்டியிராது. இறக்கிய ஓடும் மரமும் பணமாகும். அதையும் வரவில் எழுதுங்கள்.

நான்காவது, காலம். ஐப்பசி, கார்த்திகையில் பிரிக்க வேண்டாம். சித்திரைச் சூறைக்கும் கூரையைத் திறந்துபோட வேண்டாம். தை, மாசி உகந்தது. தளம் போட்டபின் பாத்தி கட்டிப் பத்து முதல் பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்துங்கள். 15 அடி அகலத் தளத்துக்கு இரண்டு வாரம் முட்டுகளை அசைக்க விடாதீர்கள்.

ஐந்தாவது, கடன். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. மூன்றாண்டு முடிவதற்குள் வட்டியே ஒரு லட்சத்தைத் தாண்டும். முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அதைவிட, அந்த வாசலுக்கே போகாமல் இருப்பது மேல். கூட்டுறவு வங்கி நகைக்கடன், மகளிர் குழுக் கடன், பதிவு செய்த சீட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு, இரண்டாண்டு முன்னதாகவே சேர்க்கத் தொடங்குங்கள். மூத்த மகளின் கல்லூரிக் கட்டணத்தை எடுத்துத் தளம் போடுவதைவிட, இன்னும் ஓராண்டு ஓட்டை மாற்றிச் சமாளிப்பது குடும்பத்துக்கு நல்லது.

யூபிலியும் வீடும்

முடக்குவாதக்காரனை நான்கு பேர் கூரை வழியாக இறக்கிய நிகழ்ச்சியை மாற்குவும் லூக்காவும் எழுதியுள்ளனர். மாற்கு கூரையைத் தோண்டியதாகச் சொல்கிறார். பாலஸ்தீனத்து மண்கூரை அப்படிப்பட்டது. லூக்கா ஓடுகளைச் சொல்கிறார். அவருடைய வாசகர்கள் ஓட்டு வீட்டுக்காரர்கள். மறுநாள் அந்தக் கூரையை மூடியது யார் என்று இருவரும் எழுதவில்லை. அந்த நால்வரே மூடியிருப்பார்கள் என்று எண்ண நமக்கு ஆசை.

யூபிலி என்பது முதலில் விருந்தும் விளக்கும் அல்ல. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வறுமையால் விற்ற நிலமும், மதில் இல்லாத சிற்றூர்களில் விற்ற வீடும் யூபிலி ஆண்டில் உரியவருக்கே திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். நகரத்து மதிலுக்குள் இருந்த வீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கிராமத்தான் வீட்டுக்கு உண்டு.

நம் அண்டை ஊரான விருதுநகரில் 1889இல் எழுந்த பள்ளியை மக்கள் பிடி அரிசி கொடுத்து வளர்த்தார்கள். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி தனிக் கலயத்துக்குப் போயிற்று. அவ்வழியைக் கூரைக்கும் பின்பற்றலாம். ஒவ்வொரு அன்பியமும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து, ஆண்டுக்கு ஒரு வீட்டின் கூரையைச் சீர்செய்யட்டும். முதலில் விதவையின் வீடு, அடுத்து நோயாளியின் வீடு. கொத்தனார் ஒரு நாள் கூலி விடட்டும். இளைஞர் ஓடு ஏற்றட்டும். கணக்கு கோயில் பலகையில் மாதந்தோறும் ஒட்டப்படட்டும். கோபுரத்துக்கு வெள்ளையடிப்பதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இந்த ஐப்பசிக்குள் ஒழுகாத வீடு ஒன்றேனும் கூடட்டும்.

இறைவன் உங்கள் இல்லங்களையும் அவற்றைத் தாங்கும் சுவர்களையும் காப்பாராக.